லூயிஸ் அமைப்பும் மூலக்கூறு வடிவமும்: நெல்லைச் சீமைப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிளஸ் ஒன் வேதியியல் இரண்டாம் தொகுதியில் 'வேதிப் பிணைப்புகள்' பாடம் வந்ததும் திரும்பத் திரும்ப எழும் கேள்விகள் இவை. எடுத்துக்காட்டுகளை முடிந்தவரை நம் பக்கத்திலிருந்தே எடுத்திருக்கிறோம்: தாழையூத்துச் சுண்ணாம்புக்கல், கோவில்பட்டித் தீக்குச்சி, தூத்துக்குடி உர ஆலையின் அம்மோனியா, மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சினுக்கு ஊற்றும் நைட்ரஜன் டெட்ராக்சைடு. வாய்பாடுகளைப் பெயரால் எழுதியிருக்கிறோம். நோட்டில் குறியீடாக எழுதிக்கொண்டே வாசியுங்கள்.

லூயிஸ் அமைப்பு வரைந்துவிட்டால் வடிவம் தெரிந்துவிடுமா?

தெரியாது. எந்த அணு எதோடு சேர்ந்திருக்கிறது, வெளிக்கூட்டு எலக்ட்ரான்கள் எங்கெங்கே இருக்கின்றன என்பதை மட்டும்தான் அது சொல்லும். கில்பர்ட் நியூட்டன் லூயிஸ் 1916ல் தந்த முறை இது. வடிவம் அடுத்த படி. எலக்ட்ரான் இரட்டைகள் ஒன்றையொன்று விலக்கி, முடிந்தவரை தள்ளித்தள்ளி நிற்கும் என்ற கருத்தை 1940ல் சிட்விக்கும் பவலும் முன்வைத்தார்கள். 1957ல் கில்லெஸ்பியும் நைஹோமும் அதை இன்று நாம் படிக்கும் கொள்கையாக வளர்த்தார்கள். லூயிஸ் அமைப்பில் ஒரு எலக்ட்ரான் பிசகினாலும் வடிவம் தப்பாகிவிடும். அதனால் எண்ணுவதில்தான் கவனம் வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது?

கார்பனேட் அயனியை எடுத்துக்கொள்வோம். தாழையூத்தில் வெட்டி சிமெண்டுக்குப் போகும் சுண்ணாம்புக்கல்லில் இருப்பது இதுதான்.

முதலில் மொத்த எலக்ட்ரான். கார்பனுக்கு 4, ஆக்ஸிஜன் மூன்றுக்கும் 6 வீதம் 18, எதிர்மின்சுமை இரண்டுக்கு 2. ஆக 24. எதிரயனி என்றால் கூட்டவும், நேரயனி என்றால் கழிக்கவும். பாதிப் பிழை இந்த இடத்திலேயே நடக்கிறது; 'மைனஸ் 2' என்று பார்த்ததும் கை தானாக இரண்டைக் கழித்துவிடும்.

அடுத்து கார்பனை நடுவில் வைத்து மூன்று ஒற்றைக் கோடு போடுங்கள். அதில் 6 எலக்ட்ரான் போயிற்று, மீதி 18. வெளியே நிற்கும் ஆக்ஸிஜன் ஒவ்வொன்றுக்கும் எண்ம விதிப்படி சுற்றிலும் எட்டு எலக்ட்ரான் நிரம்ப 6 புள்ளி வையுங்கள். பதினெட்டும் தீர்ந்தது. இப்போது கார்பனைப் பாருங்கள்: சுற்றிலும் 6தான். ஏதாவது ஓர் ஆக்ஸிஜனின் ஒரு தனி இரட்டையை உள்ளே இழுத்து இரட்டைப் பிணைப்பு ஆக்குங்கள். கார்பனுக்கும் எட்டு. பகர அடைப்புக்குள் முழுவதையும் வைத்து மேலே வலப்பக்கம் 2− எழுதினால் அமைப்பு முடிந்தது.

இனி வடிவம். மைய அணுவைச் சுற்றி எத்தனை திசைகளில் எலக்ட்ரான் இருக்கிறது என்று எண்ணுங்கள். ஒற்றைப் பிணைப்பு, இரட்டைப் பிணைப்பு, முப்பிணைப்பு எதுவானாலும் ஒரு திசைதான். ஒரு தனி இரட்டை, அதாவது லோன் பேர், அதுவும் ஒரு திசை. கார்பனுக்கு மூன்று திசை. தனி இரட்டை கிடையாது. ஆகவே தள முக்கோணம், 120 பாகை.

குளோரேட்டிலும் மூன்று ஆக்ஸிஜன்தானே, அது ஏன் தட்டையாக இல்லை?

இந்தப் பாடத்தின் உயிர்நாடியே இந்தக் கேள்விதான். தீக்குச்சி மருந்தில் இருக்கும் பொட்டாசியம் குளோரேட்டைப் பாருங்கள். பொட்டாசியம் தனி அயனி. அதிலிருந்து ஆக்ஸிஜனுக்குக் கோடு இழுக்கக் கூடாது. குளோரேட் அயனியில் குளோரினுக்கு 7, ஆக்ஸிஜன்களுக்கு 18, மின்சுமைக்கு 1. ஆக 26.

மூன்று கோட்டுக்கு 6, வெளி ஆக்ஸிஜன்களுக்கு 18. இன்னும் 2 மிச்சம். மிச்சம் எப்போதும் மைய அணுவுக்கே போகும். குளோரின் தலையில் ஒரு தனி இரட்டை உட்கார்ந்துவிட்டது. திசை நான்கு, அதில் அணு நிற்பது மூன்று. தனி இரட்டை மேலே நின்று மூன்று ஆக்ஸிஜன்களையும் கீழே தள்ளுகிறது. வடிவம் முக்கோணப் பிரமிடு.

கார்பனேட்டுக்கு 24, குளோரேட்டுக்கு 26. இரண்டே எலக்ட்ரான் கூடியதும் தட்டையாக இருந்தது பிரமிடு ஆகிவிட்டது. குளோரின் டிரைஃபுளோரைடுக்கு 7+21, அதாவது 28. அங்கே மையத்தில் இரண்டு தனி இரட்டை. வடிவம் ஆங்கில 'டி' எழுத்துப் போல. வெளியில் மூன்று அணு என்பது மூன்றுக்கும் பொது. வாய்பாட்டைப் பார்த்த கையோடு வடிவத்தை எழுதுபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

நீட் தேர்வில் முழுப் படமும் வரைய நேரமில்லை. சுருக்குவழி உண்டா?

உண்டு. மேலே செய்ததையே ஒரு கழித்தலாகச் செய்யலாம். மொத்த எலக்ட்ரானிலிருந்து வெளி அணு ஒவ்வொன்றுக்கும் 8 கழியுங்கள். வெளி அணு ஹைட்ரஜன் என்றால் 2 கழியுங்கள். மிஞ்சுவது மைய அணுவின் தனி எலக்ட்ரான். அதை இரண்டால் வகுத்தால் தனி இரட்டைகளின் எண்ணிக்கை. அதோடு வெளி அணுக்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் திசை எண்ணிக்கை.

அம்மோனியா: 8−6=2, ஒரு தனி இரட்டை, நான்கு திசை, முக்கோணப் பிரமிடு. கந்தக டை ஆக்சைடு: 18−16=2, ஒரு தனி இரட்டை, மூன்று திசை, வளைந்த வடிவம். ஹைட்ரஜன் சயனைடு: 10−8−2=0, இரண்டு திசை, நேர்கோடு. இரட்டைப் பிணைப்பு எங்கே, முப்பிணைப்பு எங்கே என்று பார்க்கவே வேண்டாம்.

ஹைட்ரஜன் இல்லாத வெளி அணு இரண்டு இருந்தால் மொத்தம் 16 என்றால் நேர்கோடு (கார்பன் டை ஆக்சைடு), 18 என்றாலும் 20 என்றாலும் வளைவு (ஓசோன், ஆக்ஸிஜன் டைஃபுளோரைடு), 22 என்றால் மறுபடி நேர்கோடு (செனான் டைஃபுளோரைடு). நான்கு இருந்தால் 32 நான்முகி, 34 ஏற்றப்பலகை வடிவம், 36 தள சதுரம். இதை மனப்பாடம் செய்யாதீர்கள். கழித்தலைக் கையில் வைத்திருந்தால் இவை தானாக வரும். மைய அணு ஒன்றுதான் என்ற இடத்தில் மட்டுமே இந்த வழி செல்லும் என்பதையும் மறக்க வேண்டாம்.

மைய அணு எது என்று எப்படி முடிவு செய்வது?

எலக்ட்ரான் கவர்தன்மை, அதாவது பிணைப்பு எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுக்கும் திறன், குறைந்தது நடுவில் வரும். ஹைட்ரஜனும் ஃபுளோரினும் ஒருபோதும் நடுவில் வராது. பெரும்பாலும் வாய்பாட்டில் ஒன்றே ஒன்றாக இருக்கும் அணுதான் மையம்.

சறுக்குவது ஹைப்போகுளோரஸ் அமிலத்தில். பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்டதும் தண்ணீரில் உருவாகி, கிருமியைக் கொல்லும் அமிலம் இது. சில புத்தகங்களில் வாய்பாட்டைக் குளோரின் நடுவில் வருகிற மாதிரி எழுதியிருப்பார்கள். கவர்தன்மை விதியும் குளோரின் பக்கமே சாயும். ஆனால் உண்மையான வரிசை ஹைட்ரஜன்–ஆக்ஸிஜன்–குளோரின். முறைசார் மின்சுமை போட்டுப் பார்த்தால் புரியும்: அணுவின் வெளிக்கூட்டு எலக்ட்ரானிலிருந்து அதன்மேல் உள்ள புள்ளிகளையும் அதைத் தொடும் கோடுகளையும் கழியுங்கள். குளோரின் நடுவில் என்றால் குளோரினுக்கு 7−4−2=+1, ஆக்ஸிஜனுக்கு 6−6−1=−1. ஆக்ஸிஜன் நடுவில் என்றால் மூன்றுக்கும் சுழியம். ஆக்ஸி அமிலங்களில் அமிலத்தன்மை தரும் ஹைட்ரஜன் ஆக்ஸிஜனோடுதான் ஒட்டியிருக்கும். நைட்ரிக், கந்தக அமிலங்களிலும் அதே கதை.

குளோரேட்டுக்கும் சல்ஃபேட்டுக்கும் புத்தகத்தில் இரட்டைப் பிணைப்பு போட்டிருக்கிறதே, நீங்கள் ஒற்றைக் கோடு போடுகிறீர்களே?

இரண்டுக்கும் நியாயம் உண்டு. குளோரேட்டில் மூன்றும் ஒற்றை என்றால் எண்ம விதி சரியாக இருக்கும். ஆனால் குளோரின் மேல் +2, ஆக்ஸிஜன் ஒவ்வொன்றிலும் −1 என்று மின்சுமை பிரிந்து நிற்கும். இரண்டு இரட்டைப் பிணைப்பு போட்டால் குளோரின் சுழியம் ஆகும்; ஒரே ஓர் ஆக்ஸிஜனில் மட்டும் −1. முறைசார் மின்சுமை குறைந்த அமைப்பையே பள்ளித் தேர்வில் கேட்பார்கள், அதையே எழுதுங்கள். எதைப் போட்டாலும் கூட்டினால் −1 வர வேண்டும். வராவிட்டால் எங்கோ எண்ணிக்கை பிசகிவிட்டது. வடிவமோ இரண்டிலும் ஒன்றே, திசை எண்ணிக்கை மாறவில்லை அல்லவா.

மூன்று ஆக்ஸிஜனில் எதற்கு இரட்டைப் பிணைப்பு?

எதற்கு வேண்டுமானாலும். அதனால்தான் மூன்று படங்களையும் வரைந்து நடுவே இருதலை அம்பு போடுகிறோம், இது உடனிசைவு. இரட்டைப் பிணைப்பு ஓர் ஆக்ஸிஜனிலிருந்து இன்னோர் ஆக்ஸிஜனுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. அளந்து பார்த்தால் கார்பனேட்டில் மூன்று பிணைப்பும் ஒரே நீளம், ஒற்றைக்கும் இரட்டைக்கும் இடைப்பட்டது. அணுக்கள் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும், எலக்ட்ரான் மட்டும் இடம் மாறலாம். அணுவை நகர்த்தி வரைந்தால் அது வேறு சேர்மம்.

எட்டு நிரம்பாமலோ எட்டைத் தாண்டியோ வந்தால் தப்பா?

எப்போதும் தப்பில்லை. போரான் டிரைஃபுளோரைடில் போரானைச் சுற்றி 6தான். ஃபுளோரினிலிருந்து ஓர் இரட்டையை இழுத்து எட்டாக்கினால் ஃபுளோரினுக்கு +1 வந்துவிடும். இருப்பதிலேயே கவர்தன்மை கூடிய அணு தன் எலக்ட்ரானை அப்படி விட்டுக்கொடுக்காது. ஆறோடு விடுங்கள்.

மூன்றாம் வரிசையும் அதற்குக் கீழும் உள்ள தனிமங்கள் எட்டைத் தாண்டும். கயத்தாறு பக்கத்துக் காற்றாலை மின்சாரத்தை வாங்கும் பெரிய துணைமின் நிலையங்களில் சர்க்யூட் பிரேக்கருக்குள் அடைத்திருக்கும் வாயு கந்தக ஹெக்சாஃபுளோரைடு. 6+42=48, ஆறு வெளி அணுவுக்கு 48 கழித்தால் சுழியம்; ஆறு திசை, எண்முகி, எங்கும் 90 பாகை. கந்தகத்தைச் சுற்றி 12 எலக்ட்ரான். தேர்வில் டி ஆர்பிட்டாலைக் காரணமாக எழுதச் சொல்வார்கள்; எழுதுங்கள். மைய அணு பெரிதாக இருப்பதால் ஆறு அணுக்கள் நெருக்கடியில்லாமல் நிற்க முடிகிறது என்பதும் முக்கியக் காரணம். இரண்டாம் வரிசையில் உள்ள கார்பனும் நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் எட்டைத் தாண்டவே தாண்டா. நைட்ரஜனுக்கு ஐந்து கோடு போட்டிருந்தால் உடனே அழித்துவிடுங்கள்.

மீத்தேன் 109.5, அம்மோனியா 107, நீர் 104.5. நான்கு திசைக்குக் கோணம் ஏன் மூன்று விதமாக இருக்கிறது?

பிணைப்பு இரட்டையை இரண்டு அணுக்கருக்கள் பிடித்திருக்கின்றன. தனி இரட்டையை ஒன்றுதான் பிடித்திருக்கிறது. அது மைய அணுவுக்கு அருகே அகலமாகப் பரந்து பக்கத்துப் பிணைப்புகளை நெருக்குகிறது. ஒரு தனி இரட்டை இருந்தால் 107, இரண்டு இருந்தால் 104.5.

கண்ணால் பார்க்க வேண்டுமானால் தென்னை ஈர்க்குச்சியும் களிமண்ணும் போதும். 2 செ.மீ. விட்டமுள்ள உருண்டை ஒன்றைப் பிடியுங்கள். 10 செ.மீ. குச்சிகள் நான்கு எடுத்து நுனி உருண்டையின் நடு வரை போகும்படி குத்துங்கள். வெளியே 9 செ.மீ. தெரிய வேண்டும். இரண்டு குச்சிகளை மேல்நோக்கி 'வி' போல விரித்து, நுனிக்கு நுனி 16.3 செ.மீ. வைக்கவும். மற்ற இரண்டையும் கீழ்நோக்கி அதே அகலத்தில், முதல் 'வி'க்குக் குறுக்காக வைக்கவும். இப்போது எந்த இரண்டு நுனியை அளந்தாலும், ஆறு அளவும் 16.3 ஆகவே வர வேண்டும். வந்தால் 109.5 பாகை நான்முகி தயார். மேல் நுனிக்கும் கீழ் நுனிக்கும் இடையிலான நான்கு அளவுகளில் இரண்டு கூடி இரண்டு குறைந்தால், இரண்டு 'வி'யும் சரியான குறுக்கில் இல்லை என்று பொருள். ஒன்றைச் சற்றுத் திருப்புங்கள்.

ஒரு குச்சியை உருவிவிட்டு மீதி மூன்றின் நுனிகளையும் 16.1 செ.மீ. ஆகக் குறுக்கினால் அம்மோனியா. இரண்டை உருவி, மிஞ்சிய இரண்டையும் 15.8க்குக் கொண்டுவந்தால் நீர். ஸ்கேலில் வித்தியாசம் சில மில்லிமீட்டர்தான். களிமண் காய்ந்தால் வெடித்துக் கோணம் நழுவும். ஈரம் இருக்கும்போதே அளந்துவிடுங்கள். 120 பாகைக்கு நுனி இடைவெளி 17.3, 90 பாகைக்கு 14.1.

ஒன்றை நினைவில் வையுங்கள். '109.5ஐ விடக் குறையும்' என்று வரைதான் இந்தக் கொள்கை சொல்லும். எவ்வளவு குறையும் என்று சொல்லாது. ஹைட்ரஜன் சல்ஃபைடில் கோணம் 92 பாகை வரை இறங்கிவிடுகிறது.

ஐந்து திசை வரும்போது தனி இரட்டையை எங்கே வைப்பது?

முக்கோண இருபிரமிடில் இடங்கள் இரண்டு வகை: நடுவட்டத்தில் மூன்று, மேலும் கீழும் அச்சில் இரண்டு. அச்சு இடத்துக்கு 90 பாகையில் மூன்று அண்டை வீட்டார். நடுவட்ட இடத்துக்கு இரண்டே பேர். இடம் அதிகம் கேட்கும் தனி இரட்டை நெருக்கம் குறைந்த நடுவட்டத்துக்கே போகும். ஒன்று போனால் ஏற்றப்பலகை வடிவம் (கந்தக டெட்ராஃபுளோரைடு), இரண்டு போனால் டி வடிவம், மூன்றும் போனால் அச்சில் உள்ள இரண்டு மட்டும் மிஞ்சி நேர்கோடு. தனி இரட்டையே இல்லாத பாஸ்பரஸ் பென்டாகுளோரைடில் அச்சுப் பிணைப்புகள் நடுவட்டப் பிணைப்புகளைவிட நீளம் என்பதற்கும் இதே நெருக்கம்தான் காரணம். எண்முகியில் ஆறு இடமும் ஒன்றே. முதல் தனி இரட்டை எங்கும் போகலாம், இரண்டாவது அதற்கு நேர் எதிரே. அதனால் செனான் டெட்ராஃபுளோரைடு தள சதுரம்.

இரண்டு மைய அணு இருந்தால்?

ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் திசை எண்ண வேண்டும். மகேந்திரகிரி இஸ்ரோ வளாகத்தில் விகாஸ் எஞ்சினைச் சோதிக்கும்போது ஆக்ஸிஜனேற்றியாகப் பயன்படுவது நைட்ரஜன் டெட்ராக்சைடு. இதில் மொத்தம் 10+24=34. இரண்டு நைட்ரஜனையும் ஒரு கோட்டால் சேர்த்து, ஒவ்வொன்றிலும் இரண்டு ஆக்ஸிஜனைக் கட்டினால் ஐந்து கோட்டுக்கு 10. மீதி 24ம் நான்கு ஆக்ஸிஜனுக்கே சரியாகிவிடும். நைட்ரஜன் இரண்டும் ஆறில் நிற்பதால் ஒவ்வொன்றுக்கும் ஓர் இரட்டைப் பிணைப்பு. ஒவ்வொரு நைட்ரஜனுக்கும் மூன்று திசை, தனி இரட்டை இல்லை, சுற்றிலும் தள முக்கோணம்.

இதை நடுவில் பிரித்தால் நைட்ரஜன் டை ஆக்சைடு: 17 எலக்ட்ரான், ஒற்றைப்படை. எந்தப் படத்திலும் எட்டு நிரம்பாது; நைட்ரஜன் மேல் ஒற்றைப் புள்ளியை வைத்துவிடுங்கள். அந்த ஒற்றை எலக்ட்ரானால்தான் இரண்டு மூலக்கூறுகள் சேர்ந்து டெட்ராக்சைடு ஆகின்றன. டெட்ராக்சைடு நிறமற்றது. சூடேற ஏறப் பிரிந்து பழுப்பு வாயு கூடும்.

கோணங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஓர் எலக்ட்ரானை எடுத்து நைட்ரோனியம் அயனி ஆக்கினால் 16, 180 பாகை. டை ஆக்சைடில் 17, 134 பாகை. ஒன்றைச் சேர்த்து நைட்ரைட் ஆக்கினால் 18, 115 பாகை. ஒற்றை எலக்ட்ரானின் தள்ளு தனி இரட்டையின் தள்ளை விடக் குறைவு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

வடிவம் தெரிந்து என்ன பயன்?

முதல் பயன் முனைவுத்தன்மை, அதாவது மூலக்கூறில் மின்சுமை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறதா என்பது. கார்பன் டை ஆக்சைடில் இரண்டு முனைவுப் பிணைப்பும் எதிரெதிராக இழுத்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். நீர் வளைந்திருப்பதால் அழியாது. அம்மோனியாவின் இருமுனைத் திருப்புத்திறன் 1.47 டிபை, நைட்ரஜன் டிரைஃபுளோரைடுக்குச் சுமார் 0.24தான். இரண்டும் முக்கோணப் பிரமிடே. அம்மோனியாவில் பிணைப்புகளின் இழுப்பும் தனி இரட்டையும் ஒரே பக்கம். ஃபுளோரைடில் ஃபுளோரின்கள் எதிர்ப்பக்கம் இழுக்கின்றன.

விடைத்தாளில் மதிப்பெண் எங்கே போகிறது?

அயனிக்கு அடைப்பும் மின்சுமையும் போடாததில். வெளி அணுக்களின் தனி இரட்டைகளை விட்டுவிடுவதில். மீத்தேனைக் கூட்டல் குறி மாதிரி வரைந்து கோணம் 109.5 என்று எழுதுவதில். இரண்டு கோட்டைத் தாளின் தளத்திலும், ஒன்றைத் தடித்த ஆப்புக் கோடாகவும், ஒன்றை விட்டுவிட்டு வரும் கோடாகவும் வரையுங்கள். எல்லாவற்றையும்விட, 'அம்மோனியாவின் வடிவம் நான்முகி' என்று எழுதுவதில் அதிகம் போகிறது. நான்முகி என்பது எலக்ட்ரான் இரட்டைகளின் அமைவு. வடிவம் என்று கேட்டால் அணுக்கள் நிற்கும் இடத்தை மட்டும் பார்க்க வேண்டும்.

லூயிஸ் அமைப்பு பொய்த்துப்போகும் இடம் உண்டா?

ஆக்ஸிஜனே போதும். விதிப்படி வரைந்தால் இரட்டைப் பிணைப்பு, எல்லா எலக்ட்ரானும் சோடி. ஆனால் −183 பாகை செல்சியஸில் இளநீல நிறத்தில் இருக்கும் திரவ ஆக்ஸிஜனைக் காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே ஊற்றினால் ஒட்டிக்கொண்டு நிற்கும். சோடி சேராத எலக்ட்ரான் இரண்டு இருந்தால்தான் அது நடக்கும். மூலக்கூறு ஆர்பிட்டால் கொள்கை அதே பாடத்தின் கடைசிப் பகுதியில் இருப்பது இதற்காகத்தான். அதைத் தள்ளிவிட்டுப் போகாதீர்கள்.

சரிபார்த்துக்கொள்ள சில கணக்குகள் தருவீர்களா?

முதலில் நீங்களே எண்ணிவிட்டுப் பிறகு பாருங்கள். சல்ஃபைட் அயனி: 26, முக்கோணப் பிரமிடு. நைட்ரேட்: 24, தள முக்கோணம். ஹைட்ரோனியம்: 8, முக்கோணப் பிரமிடு, இங்கே 6+3 போட்டு ஒன்றைக் கழித்தீர்களா என்று பாருங்கள். புரோமின் பென்டாஃபுளோரைடு: 42, சதுரப் பிரமிடு. டிரை அயோடைடு: 22, மையத்தில் மூன்று தனி இரட்டை, நேர்கோடு. தூத்துக்குடி ஸ்பிக் ஆலையில் தயாராகும் யூரியா: 24, கார்பனைச் சுற்றித் தள முக்கோணம். யூரியாவுக்குச் சுருக்குவழியைப் போட்டுக் குழம்பியிருந்தால் கவலை வேண்டாம். அதில் நைட்ரஜன்களும் மையங்களாக இருப்பதால் கோடு போட்டுத்தான் வரைய வேண்டும்: எட்டுக் கோட்டுக்கு 16, ஆக்ஸிஜன் மேல் 4 புள்ளி, நைட்ரஜன் ஒவ்வொன்றிலும் 2.